முதல் படத்துக்கு எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: "எனக்கு வயது 31. காரைக்குடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டராக இருக்கிறேன். இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். இப்போது ஒரு முழுநீளப் படத்துக்கான கதை இருக்கிறது. திருவாடானைப் பக்கமிருந்து செம்மறிக் கிடையை (ஆட்டு மந்தையை) ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் டெல்டாவுக்கு நடந்து போகும் ஒரு தாத்தா, கூடவே அவருடைய 10 வயதுப் பேத்தி. அவர்கள் போய்த் திரும்புவதுதான் படம். என் சேமிப்பு 6 லட்சம். நண்பர்கள் 3 லட்சம் தருகிறார்கள். நகையை அடகு வைத்துக்கொள் என்கிறார் அம்மா. எங்கள் ஊர் ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் 15 லட்சம் போடத் தயார், ஆனால் அவருடைய மகனுக்கு முக்கிய வேடம் வேண்டுமாம். சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர்ந்த பிறகுதான் படமே எடுக்க வேண்டும் என்கிறார்கள் எல்லாரும். நான் எங்கே ஆரம்பிப்பது?"

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

கதையை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டீர்கள். அது தெளிவாகவும் இருக்கிறது. முதல் படம் எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேர் இங்கேயே தடுமாறுவார்கள், நீங்கள் தடுமாறவில்லை. அதனால் நேராகப் பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

9 லட்சம் இருக்கிறது என்கிறீர்கள். அது ஷூட்டிங்குக்கான பணமா, படத்துக்கான பணமா? சிறிய படங்களின் தயாரிப்பு நிர்வாகத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கதையோடு வருவதில்லை, ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறார்கள். ஷூட்டிங் முடிந்திருக்கும், எடிட்டிங் பாதியில் நிற்கும், கையில் ஒரு பைசா இருக்காது. இனி சவுண்டுக்கு யாரைக் கேட்பது, கலர் எங்கே செய்வது, சென்சாருக்கு எவ்வளவு ஆகும் என்று அப்போதுதான் விசாரிப்பார்கள். ஷூட்டிங் நடக்கும்வரை எல்லாரும் உற்சாகமாகக் கூட இருக்கிறார்கள், நண்பர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார்கள், ஊர்க்காரர்கள் சாப்பாடு போடுகிறார்கள். அது முடிந்ததும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். தனியாக நிற்பது இயக்குநர்தான். நம் ஊரில் முதல் படங்கள் பெரும்பாலும் நின்றுபோகிற இடம் இது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை: 9 லட்சத்தில் 3.5 லட்சத்தை இன்றைக்கே தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஷூட்டிங்கில் என்ன நடந்தாலும் அதைத் தொடக்கூடாது. சவுண்ட் டிசைன், தியேட்டருக்கான 5.1 ஒலி மிக்ஸிங், டிஐ எனப்படும் கலர் வேலை, இசை, சப்டைட்டில், தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபி, பட விழாக்களுக்கான நுழைவுக் கட்டணம், சென்சார் எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். இறுக்கமான தொகைதான். தெரிந்தவர்கள் மூலம் குறைந்த விலைக்குப் பேசினால்தான் இதில் முடியும். ஆனால் அடுத்த வருடம் யாரிடமும் கையேந்தாமல் படத்தை முடிக்க இந்த 3.5 லட்சம்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே வழி.

மீதி 5.5 லட்சத்தில் ஷூட்டிங். 12 பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளைச் சாப்பாடு, டீ, ஒரு வேன், தங்குவதற்கு ஒரு கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ, அப்புறம் டீசல் எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 15,000 ரூபாய்க்குக் கீழே போகாது. 20 நாளுக்கு 3 லட்சம். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட், அவருடைய கருவிகளின் வாடகை, நடிப்பவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பேட்டா ஆகியவற்றுக்கு 2 லட்சம். மிச்சம் 50,000 தான். மழை பெய்தால், வண்டி பழுதானால், தாத்தாவாக நடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கேமராவை உங்கள் ஸ்டூடியோ முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அது சும்மாதானே இருக்கிறது.

20 நாள் போதுமா என்று கேட்பீர்கள். திரைக்கதையை அந்த 20 நாளுக்கு ஏற்ற மாதிரி எழுதினால் போதும். இரவுக் காட்சிகள் எத்தனை, மழைக் காட்சி உண்டா, திருவிழாக் கூட்டம் உண்டா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். இரவில் வெட்ட வெளியில் கிடை போட்டிருக்கும் வயலுக்கு ஒளி அமைக்க ஜெனரேட்டரும் லைட்மேன்களும் வேண்டும். அதே காட்சியைப் பொழுது சாய்ந்து ஒளி மங்கும் அந்த 20 நிமிடத்தில் எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். அசாமில் ரீமா தாஸ் தன் சொந்தக் கிராமத்துக் குழந்தைகளை வைத்து எடுத்த 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்துக்கு எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், தயாரிப்பு எல்லாம் அவரேதான். வருடக்கணக்கில், வெளிச்சமும் பருவமும் தோதான நாட்களில் எடுத்துச் சேர்த்தார். 2018இல் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது அந்தப் படம். உங்களையும் எல்லா வேலையையும் தனியாகச் செய்யச் சொல்லவில்லை. ஆள்பலம் குறைவாக இருக்கும்போது காலத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே மூச்சில் 20 நாள் எடுக்க வேண்டியதும் இல்லை. 8 நாள் எடுத்து, அதை எடிட் செய்து பார்த்து, என்ன குறைகிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த 12 நாளுக்குப் போகலாம். எடிட்டர் என்பதால் உங்களுக்கு இது கைவந்த வேலை.

இனி அந்த 15 லட்சம். வேண்டாம் என்றுதான் சொல்வேன், அந்த நிபந்தனை இருக்கும்வரை. உங்கள் கதையில் இருப்பவர்கள் ஒரு தாத்தாவும் ஒரு சிறுமியும். அதில் ஓர் இளைஞனுக்கு முக்கிய வேடம் என்றால் அவனுக்கு ஒரு வேலை வேண்டும், ஒரு காதல் வேண்டும், சண்டை வேண்டும். மூன்றாவது வாரத்தில் நீங்கள் வேறு ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. இப்படி வரும் பணம் ஒரே தவணையில் வருவதே இல்லை. முதலில் 3 லட்சம் வரும், அதை நம்பி 10 லட்சத்துக்கான செலவை ஆரம்பித்துவிடுவீர்கள். அடுத்த தவணைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் சொல்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலையாட்ட வேண்டிவரும்.

நிபந்தனையை விட்டுவிட்டு முதலீட்டாளராக மட்டும் வரத் தயார் என்றால் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். படம் யார் பெயரில், எந்த பேனரில் (தயாரிப்பு நிறுவனத்தில்) இருக்கும்? வருமானம் வந்தால் யாருக்கு முதலில் போகும்? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. அவருடைய பேனரில் தலைப்பைப் பதிவு செய்து, அவர் பெயரில் சென்சார் சான்றிதழ் வாங்கினால், நாளைக்குப் பட விழாவுக்கு அனுப்பக்கூட அவரிடம் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டும். சிறிதாக இருந்தாலும் உங்கள் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்கென்று ஒரு வங்கிக் கணக்கு வைத்து, அவரை அதில் பங்குதாரராகச் சேருங்கள். போட்ட பணம் எல்லாருக்கும் அவரவர் விகிதத்தில் திரும்பியது போக மிஞ்சுவதில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயைத் தயவுசெய்து மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

நண்பர்களின் 3 லட்சத்துக்கும் இதே விதிதான். கடனா, முதலீடா, அன்பளிப்பா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நட்பு கெடாமல் இருப்பதற்காகவே சொல்கிறேன். முகநூலில் பதிவு போட்டு ஊரெல்லாம் பணம் திரட்டும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அன்பளிப்பாக வாங்கலாம், பதிலுக்கு டைட்டில் கார்டில் பெயர் போடலாம். 'லாபத்தில் பங்கு தருகிறேன்' என்று பொதுவில் அறிவித்து முகம் தெரியாதவர்களிடம் பணம் வாங்குவது இந்தியாவில் சட்டச் சிக்கல். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகப் போய்ப் படங்கள் திரையிட்டு, மக்களிடம் சிறுகச் சிறுக வாங்கிய காசில் 1986இல் ஒரு முழுநீளப் படத்தை முடித்தார்கள். யாருக்கும் லாபம் தருவதாகச் சொல்லி வாங்கிய காசு இல்லை அது.

அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள். மகளுக்காக எதையும் தரத் தயாராக இருக்கும் ஒரு மனுஷியின் கடைசிச் சேமிப்பு அது. முதல் படத்தில் போட்ட பணம் எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. வட்டியோ மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த பாரத்தோடு எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தால், எப்படியாவது சீக்கிரம் விற்க வேண்டும் என்ற அவசரத்தில் படத்தை நீங்களே வெட்டிக் குலைத்துவிடுவீர்கள்.

வெளியில் உதவி எங்கெல்லாம் கிடைக்கும்? நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத ஒன்று, தேசிய திரைப்பட மேம்பாட்டுக் கழகம், அதாவது என்எஃப்டிசி. 2007இலிருந்து கோவாவில் ஒவ்வொரு நவம்பரிலும் சர்வதேசப் பட விழாவை ஒட்டி ஃபிலிம் பஜார் நடத்துகிறார்கள், இப்போது அதற்கு வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர். அங்கே இரண்டு கதவுகளை நீங்கள் தட்டலாம். திரைக்கதை நிலையில் இருக்கும்போது எழுத்தாளர்களுக்கான பட்டறை. படம் எடுத்து ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) தயாரானதும் 'வொர்க் இன் புரோகிரஸ்' பிரிவு. இதில் தேர்வாகும் சில படங்களை வெளிநாட்டுப் பட விழாக்களின் தேர்வாளர்களும் அனுபவமுள்ள எடிட்டர்களும் முழுதாகப் பார்த்து, உட்கார்ந்து பேசுவார்கள். முதல் பட இயக்குநருக்கு இப்படி ஒரு வாய்ப்பைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. தேர்வாகாவிட்டாலும் அங்கே ஒரு வியூயிங் ரூம் இருக்கிறது. கட்டணம் கட்டிப் படத்தை வைத்தால், விழாக்காரர்களும் வாங்குகிறவர்களும் அங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று, நெதர்லாந்தின் ராட்டர்டாம் பட விழா நடத்தும் ஹூபர்ட் பால்ஸ் நிதி. திரைக்கதை நிலையிலேயே விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூரை வைத்து அருண் கார்த்திக் எடுத்த 'நசீர்' இந்த நிதி பெற்ற தமிழ்ப் படம். 2020இல் ராட்டர்டாமிலேயே திரையிடப்பட்டு விருதும் வாங்கியது. விண்ணப்பத்தை நன்றாக எழுத வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழில் எழுதி, சினிமா தெரிந்த ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுங்கள். கிடை போடும் வாழ்க்கையை அறியாதவருக்கு அது புரியும்படி இரண்டு பக்கத்தில் எழுதுவது உங்களுக்கே நல்ல பயிற்சி. எழுதும்போதே கதையில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

தமிழக அரசின் சிறு முதலீட்டுப் படங்களுக்கான மானியம் படம் முடிந்து வெளியான பிறகு விண்ணப்பிப்பது. வந்தால் சந்தோஷம், பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். கேரளத்தில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் படங்களுக்கு 1.5 கோடி ரூபாய் வரை கொடுத்துத் தானே தயாரிக்கிறது. இவ்வளவு பெரிய திரைத்துறை இருக்கும் நம் மாநிலத்தில் அப்படி ஒரு திட்டம் இருந்தால் உங்கள் கடிதத்தில் நகை என்ற சொல்லே வந்திருக்காது. இதைக் கேட்க வேண்டிய இடங்களில் நாமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அதில் ஒரு குழந்தை இருக்கிறாள், ஆடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாகச் சட்டம் உண்டு. ஷூட்டிங் முடிந்தபின் தெரிந்துகொண்டால் சரிசெய்யவே முடியாது.

முதலில் குழந்தை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தமும் அதற்கான 2017 விதிகளும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை நடிக்க வைக்க அனுமதிக்கின்றன, கட்டுப்பாடுகளோடு. ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் இல்லை. தொடர்ச்சியாக 27 நாட்களைத் தாண்டக்கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. உங்கள் படத்தில் பேத்தி ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் வருகிறாள். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் ஷெட்யூலே அவளைச் சுற்றித்தான் போட வேண்டும். காலையில் இரண்டரை மணி நேரம், சாயங்காலம் இரண்டரை மணி நேரம். நடுவெயிலில் அவள் தூங்கட்டும், நீங்கள் தாத்தாவையும் ஆடுகளையும் எடுங்கள். வெளிச்சமும் அந்த நேரங்களில்தான் நன்றாக இருக்கும் என்பதால் படத்துக்கும் இது நல்லதே. சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று மாவட்டம் மாறும்போது எங்கெங்கே அனுமதி வேண்டும் என்று அந்தந்த ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஆடு. படத்தில் விலங்குகள் வந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் சான்றைச் சென்சாரில் கேட்பார்கள். வாரியத்தின் அலுவலகம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. ஷூட்டிங்குக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். என்ன விலங்கு, எத்தனை, என்ன காட்சி, கால்நடை மருத்துவரின் சான்று எல்லாம் வேண்டும். அந்த அனுமதியை வைத்துத்தான் படம் முடிந்தபின் தடையின்மைச் சான்று. 'அது நடிப்பில்லை, கிடை தன் போக்கில் மேய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் எடுத்தோம்' என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கதையில் ஆடு நோயில் சாகிற மாதிரியோ, ஆட்டை அறுக்கிற மாதிரியோ காட்சி இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் மட்டும் எடுங்கள். சாவைக் காட்டாமலே பார்க்கிறவருக்குப் புரியும்.

சட்டத்தில் எழுதாத ஒன்றும் இருக்கிறது, கீதாரிக்கு, அதாவது கிடையை மேய்ப்பவருக்கு, கொடுக்க வேண்டிய பணம். எருவுக்காக வயலில் ஓர் இரவு ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் அந்த நிலத்துக்காரர் பணமாகவோ நெல்லாகவோ கூலி கொடுக்கிறார். ஷாட்டுக்காக நீங்கள் ஒரு கிடையை அரை நாள் நிறுத்தினால் அடுத்த வயலுக்குப் போகும் நேரம் தப்பிவிடும், அன்றைய கூலி போய்விடும். ஆகவே கிடைக் கூலியைக் கேட்டு, அதற்கு மேல் கொடுங்கள். படத்தில் யாருடைய வாழ்க்கையைக் காட்டுகிறோமோ அவர்களுக்கு நம்மால் ஒரு நாள் நஷ்டம்கூட வரக்கூடாது. லைட்மேன், டிரைவர், சமையல்காரர் கூலியும் அன்றன்றைக்கே முழுதாகக் கொடுத்துவிட வேண்டியது. ஒளிப்பதிவாளர், சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் போன்ற முக்கியமானவர்கள் ஒரு பகுதியைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்றால் அந்தத் தொகையும் அது எப்போது தரப்படும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒலியைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டு ஒலியை மூடிவிடலாம். இங்கே அது நடக்காது. உங்கள் படத்தில் பாதி உயிர் ஒலியில் இருக்கிறது. கீதாரி ஆட்டைக் கூப்பிடும் சத்தம், குட்டிகள் தாயைத் தேடும் சத்தம், ராத்திரி நாய் குரைப்பது, அந்தத் தாத்தா பேசும் கிழக்குச் சீமைப் பேச்சு. இதையெல்லாம் சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து திரும்பக் கொண்டுவர முடியாது, அதுவும் நடிகரல்லாதவர்களை வைத்து முடியவே முடியாது. லைவ் சவுண்டில்தான் எடுக்க வேண்டும். லென்ஸ் வாடகையைக் குறைத்தாவது நல்ல ரெக்கார்டிஸ்ட் ஒருவரைக் கூட்டிப் போங்கள். லொகேஷன் பார்க்கும்போதே அவரும் வரட்டும். பம்ப்செட் எத்தனை மணிக்கு ஓடும், நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்று அவர் காதால் பார்ப்பார். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லாரையும் பேசாமல் நிற்க வைத்து அந்த இடத்தின் ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்யட்டும். மிக்ஸிங்கில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

பங்குனி, சித்திரையில் போனால் டெல்டாவில் ஊருக்கு ஊர் கோயில் திருவிழா. விடியற்காலையிலேயே குழாய் ரேடியோ கட்டிவிடுவார்கள். வசனம் கெடுவது ஒரு பக்கம். பின்னணியில் கேட்கும் சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்கியாக வேண்டும் என்பது இன்னொரு பக்கம். டீக்கடையில் 10 விநாடி ஓடும் பழைய பாட்டாக இருந்தாலும் இசை நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வேண்டும், அதற்கு அவர்கள் கேட்கும் விலை உங்கள் மொத்தப் பட்ஜெட்டுக்குச் சமமாகக்கூட இருக்கலாம். ஊர்ப் பெண்கள் பாடும் தாலாட்டு, கும்மி என்று பாடுகிறவரிடமே கேட்டு, அவருக்குப் பணமும் டைட்டிலில் பெயரும் கொடுத்துப் பதிவு செய்வது எவ்வளவோ மேல்.

இசையமைப்பாளர், திரைக்கதையில் கூட எழுதியவர், நடித்தவர்கள் என எல்லாரிடமும் ஒப்பந்தம் வாங்குங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுக்க, எல்லா வடிவத்திலும்' என்ற வார்த்தைகள் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிடிக்காரர்கள் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். கதை இன்னொருவரின் சிறுகதையிலிருந்து வந்தது என்றால் எழுதியவரிடமும் இதே அனுமதி வாங்க வேண்டும். அவர் இறந்து 60 வருடம் ஆகும்வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு.

சின்னதாக ஒரு தொழில்நுட்ப விஷயம். வீடியோவில் விநாடிக்கு 25 பிரேமில் எடுத்துப் பழகியிருப்பீர்கள். தியேட்டருக்கான டிசிபி வழக்கமாக 24 பிரேம். முதல் நாளிலேயே 24 என்று முடிவு செய்து, கேமராவும் சவுண்ட் ரெக்கார்டரும் ஒரே கணக்கில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அன்றன்றைய ஃபுட்டேஜை இரண்டு டிரைவில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்து வையுங்கள்.

படம் முடிந்த பிறகு பொறுமை வேண்டும். செழியனின் 'டூலெட்' 2018இல் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது, தியேட்டருக்கு வந்தது 2019இல். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, நம் ஊர்ப் பார்வையாளர்கள் ஓடிடியில் பார்க்க 2023 அக்டோபர் ஆனது. விருது வாங்கிய படங்களுக்கே இவ்வளவு காலம். அதனால் படம் முடிந்த கையோடு யூடியூபில் போட்டுவிடாதீர்கள், ஊரில் பொதுத் திரையிடலும் வைக்காதீர்கள். பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடம்தான் இருக்க வேண்டும் என்பார்கள். ராட்டர்டாம், பெர்லின், லொகார்னோ, புசான் என்று ஒரு வருடத்துக்கான வரிசையைப் போடுங்கள். அதற்குப் பிறகு நவம்பரில் கோவாவும் தர்மசாலாவும், டிசம்பரில் திருவனந்தபுரமும் சென்னையும். கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் விருது கொடுக்கும் விழாக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, அவற்றில் ஒரு ரூபாய் போடாதீர்கள். விழாக்களுக்குச் சென்சார் தேவையில்லை. தியேட்டருக்கும் தேசிய விருதுக்கும் தேவை.

தியேட்டர் ஆசை இருந்தால் கணக்கு தெரிந்து ஆசைப்படுங்கள். வருடத்துக்கு 200 தமிழ்ப் படங்களுக்கு மேல் வருகின்றன. தியேட்டர்களுக்குப் படத்தை டிஜிட்டலாக அனுப்பும் க்யூப் போன்ற நிறுவனங்களுக்குத் திரைவாரியாகக் கட்டணம், போஸ்டர், விளம்பரம் என்று வெளியிடும் செலவு உங்கள் தயாரிப்புச் செலவைத் தாண்டிவிடும். காரைக்குடி, தஞ்சாவூர், மதுரை, சென்னை என்று நான்கைந்து ஊரில், ஊருக்கு ஒரு திரையில், நீங்களே போய் நின்று பார்வையாளர்களோடு பேசும்படி வெளியிடுவதுதான் இப்படிப்பட்ட படத்துக்குச் சரியாக வரும். திரைப்படச் சங்கங்களும் கல்லூரிகளும் கூப்பிடுவார்கள், கட்டணம் கேட்டு வாங்குங்கள்.

சென்னைக்குப் போக வேண்டுமா? இந்தப் படத்துக்காகப் போக வேண்டாம். உதவி இயக்குநர் வேலை நல்ல பள்ளிக்கூடம்தான், பெரிய குழுவை நடத்தக் கற்றுக்கொடுக்கும். ஆனால் 12 பேரோடு கிடைக்குப் பின்னால் நடக்கிற படத்துக்குத் தேவையானது அங்கே கிடைக்காது. வாய்ப்புக் கிடைக்கவே வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் உங்கள் சேமிப்பு வீட்டு வாடகைக்குப் போய்விடும். எடிட்டிங் தெரிகிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, கதை நடக்கும் இடம் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இந்தப் படத்தை எடுக்க முடியும்.

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கிடைகள் டெல்டாவுக்குள் இறங்கும். இந்த வருடம் படம் எடுக்காதீர்கள். ஒரு வாரம் லீவு போட்டு, ஒரு கீதாரிக் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, கூட ஒரு பெண் தோழியை அழைத்துக்கொண்டு அவர்களோடு போய் இருங்கள். ஒரு சின்ன ரெக்கார்டர் மட்டும் கையில் இருக்கட்டும். திரும்பி வந்து திரைக்கதையின் அடுத்த பிரதியை எழுதி முடித்ததும், அதையும் நாள்வாரி பட்ஜெட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். என்எஃப்டிசி திரைக்கதைப் பட்டறைக்கான அறிவிப்பும் இந்த வருடம் எப்போது வருகிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள்.